ஒரே ஃபிலிமில் இரண்டு சின்னப்பா: டி.ஆர். சுந்தரத்தின் கதை

ஓடைப்பட்டியில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் ஒரு குறும்படம் எடுக்கறீங்கன்னு வெச்சுக்கோங்க. நண்பனுக்கு டபுள் ஆக்‌ஷன். போனைக் கையிலேயே பிடிச்சு எடுத்தாச்சு. ராத்திரி எடிட்டிங்கில் உட்கார்ந்து அவனை மட்டும் பின்னணியிலிருந்து பிரிக்கப் பார்த்தால், தோள் ஓரம் நடுங்குது. பச்சைச் சட்டையில் பாதி இலையோட போயிடுது. நிறத்தையும் அசைவையும் பார்த்துத்தான் மென்பொருள் ஆளைக் கண்டுபிடிக்கிறது. இலையும் பச்சை, காற்றில் அதுவும் ஆடுது, போதாததுக்கு உங்க கையும் ஆடுது. பாவம், அது என்ன செய்யும்?

இதே டபுள் ஆக்‌ஷனை 1940-லேயே, கம்ப்யூட்டர் இல்லாமல், சேலத்தில் ஒருவர் எடுத்துக் காட்டினார். அவர்தான் டி.ஆர். சுந்தரம்.

1907-ல் திருச்செங்கோட்டில் பிறந்தவர். நூல் வியாபாரக் குடும்பம். இங்கிலாந்தின் லீட்ஸுக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தார். ஆக, நம்ம ஆளுதான்! ஊர் திரும்பியவரை இழுத்துக்கொண்டது சினிமா. நம்மவர்கள் படமெடுக்கக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயிலேறிய காலத்தில், ஏற்காடு மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவைக் கட்டினார். 1937-ல் 'சதி அகல்யா'. அடுத்த வருடம் மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்'. 1940-ல், அவரே இயக்கிய 'உத்தமபுத்திரன்'. இரட்டையராக பி.யு. சின்னப்பா. தமிழ் சினிமாவில் இரட்டை வேடத்துக்குப் பிள்ளையார் சுழி போட்ட படம்.

அந்தக் காலத்தில் இரட்டை வேடம் எடுக்கிற வழி இதுதான். கேமராவை இம்மியும் அசையாமல் நிறுத்தணும். லென்ஸின் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, மறுபாதியில் நடிகரை நடிக்க வைக்கணும். மறைத்த பக்கம் ஒளி படாததால் ஃபிலிம் அங்கே காலியாகவே இருக்கும். அப்புறம் ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அட்டையைப் பக்கம் மாற்றி, அதே நடிகரை வேறு உடையில் நிறுத்தணும். நடுக்கோட்டைக் கை தாண்டினால், வெட்டுப்பட்ட மாதிரி மறைஞ்சிடும். இரண்டாவது தடவை சொதப்பினால், நன்றாக வந்த முதல் பாதியும் சேர்ந்து போச்சு. அன்டூ பட்டன் கிடையாது!

படப்பிடிப்பில் சுந்தரம் மகா கண்டிப்பானவர் என்று பெயர். இப்படி வேலை செய்யற இடத்தில் கண்டிப்பு ஏன் வேணும்னு இப்ப புரியுதா?

1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' மூலம் தமிழுக்கு முதல் முழுநீள வண்ணப் படம் தந்தார். 1961-ல் மலையாளத்துக்கும் 'கண்டம் பெச்ச கோட்டு' மூலம் முதல் வண்ணப் படம். 1963-ல் காலமானபோது வயது 56. நூறு படங்களுக்கு மேல் எடுத்த அந்த நிறுவனத்தின் ஸ்டூடியோ இன்று இல்லை. நுழைவு வளைவு மட்டும் சேலத்தில் நிற்கிறது.

சரி, உங்க குறும்படத்துக்கு வருவோம். திராட்சைப் பந்தலைத் தாங்க கல்தூண் இருக்குமே, அதில் ஒன்றை ஃப்ரேமின் நடுவில், மேலிருந்து கீழ்வரை தெரியற மாதிரி வைங்க. ட்ரைபாடைப் போட்டு, ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிடுங்க. வெயில் மாறுவதற்குள் நண்பனை முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம் நிறுத்தி எடுங்க. எடிட்டிங்கில் இரண்டையும் தூணோடு ஒட்டினால் போதும். இலை எவ்வளவு வேணும்னாலும் ஆடட்டும். நண்பன் மட்டும் தூணைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்!