இடம்பெயர்ந்த சிறுவனும் கணினி மொழியும்: ஓலே-யொஹான் டாலை நான் அறிந்த விதம்

2009ஆம் ஆண்டின் கடைசியில் உடப்பிலிருந்து கொழும்புக்குக் கணினி படிக்கப் போனேன். உயர்தரம் வரை தமிழ்மொழி மூலம் படித்தவன். கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம். முதல் தவணை எப்படியோ ஓடிவிட்டது. இரண்டாம் தவணையில் ஜாவா வந்தது. அதோடு பொருள்நோக்கு நிரலாக்கமும் வந்தது. கிளாஸ் என்பது ஒரு வரைபடம், ஒப்ஜெக்ட் என்பது அந்த வரைபடத்தின்படி உருவான ஒன்று என்று விரிவுரையாளர் திரையில் காட்டினார். நாங்கள் அப்படியே எழுதிக்கொண்டோம். உதாரணத்துக்கு வங்கிக் கணக்கு. எங்கள் வீட்டில் அப்போது ஒருவரிடமும் வங்கிக் கணக்கு இல்லை. இருந்தது அடகுக்கடைத் துண்டு மட்டும்தான். பரீட்சையில் வரைவிலக்கணங்களைப் பிழையின்றி எழுதினேன். செய்முறையில் ஒரு வரிகூட ஓடவில்லை. 100க்கு 28.

மறுபரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. நூலகத்தில் நிரலாக்க மொழிகளின் வரலாறு பற்றிய தடித்த புத்தகம் ஒன்று யாரும் தொடாமல் கிடந்தது. இந்தத் தலையிடியைத் தொடக்கிவைத்தவர் யார் என்று பார்க்கும் கோபத்தில்தான் அதைத் திறந்தேன். ஓலே-யொஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்று இரண்டு பெயர்கள். இருவரும் நோர்வேக்காரர். டால் பிறந்த ஊர் மண்டால். நான் முதலில் முந்தல் என்றே வாசித்தேன். எங்கள் பிரதேச செயலகம் இருக்கும் ஊரல்லவா, கண் அப்படித்தான் வாசிக்கும்.

மண்டாலும் கடலோர ஊர்தான், நோர்வேயின் தெற்குக் கரையில். டால் அங்கே 1931 ஒக்டோபர் 12ஆம் திகதி பிறந்தார். தலைமுறை தலைமுறையாகக் கடலோடிகளின் குடும்பம். இவரும் கப்பலேறுவார் என்பதே வீட்டாரின் எதிர்பார்ப்பு. இவருக்கோ பியானோவும் கணக்கும்தான் பிடித்தன. கரைவலைக் கயிற்றைப் பிடிக்காமல் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பையனை உடப்பில் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துப் போயிற்று.

ஏழு வயதில் குடும்பம் ஒஸ்லோவுக்கு அருகிலுள்ள டிராமென் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1940 ஏப்ரலில் ஜேர்மனிய நாசிப் படைகள் நோர்வேக்குள் நுழைந்தன. ஐந்து வருட ஆக்கிரமிப்பு. டாலுக்கு 13 வயதானபோது முழுக் குடும்பமும் எல்லையைத் தாண்டிச் சுவீடனுக்குத் தப்பியோடியது. போர் முடிந்தபின் திரும்பி வந்து, ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார்.

கணினிப் பாடப்புத்தகங்களில் இந்த விடயம் வருவதில்லை. வந்தாலும் ஒரு வரி. எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக நெடுநேரம் எடுத்தது. 2010இல் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன் செட்டிகுளம் முகாமிலிருந்து வந்தவன். இடம்பெயர்ந்தவன் என்றால் நிவாரண அட்டையோடு வரிசையில் நிற்பவன் என்று மட்டுமே கேட்டுப் பழகிய காதுக்கு, உலகமே பயன்படுத்தும் ஒன்றை அப்படி ஓடிய ஒரு சிறுவன் பின்னாளில் உருவாக்கினான் என்பது வேறு மாதிரி ஒலித்தது.

1952இல் கட்டாய இராணுவ சேவைக்காக டால் நோர்வேயின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார். துவக்கு தூக்கும் வேலை அல்ல, கணக்குப் போடும் வேலை. நைகார்ட் 1948 முதல் அங்கே இருந்தார். 1957இல் அங்கு பெரன்டி மேர்க்குரி என்ற பிரித்தானியக் கணினி வந்தது. அதற்கான அடிப்படை மென்பொருட்களை எழுதியே டால் தேர்ந்தார்.

1960இல் நைகார்ட் நோர்வே கணினி மையத்துக்கு மாறினார். அவருடைய வேலை வரிசைகளைப் பற்றியது. தொழிற்சாலையில் எந்தப் பொருள் எங்கே எவ்வளவு நேரம் தேங்குகிறது, கவுண்டரைக் கூட்டினால் காத்திருப்பு குறையுமா, இப்படி. இதைக் கணினிக்குச் சொல்லிப் பார்க்க ஒரு மொழி வேண்டும். மொழியை உண்மையில் கட்டிமுடிக்கத் தன்னால் ஆகாது என்று அறிந்து டாலைக் கூட்டுச் சேர்த்தார். அந்த மொழிதான் சிமுலா. பணமும் பெரிதாக இல்லை. யூனிவாக் 1107 என்ற அமெரிக்க இயந்திரத்தை மையம் பாதி விலைக்கு வாங்கியது. பதிலுக்கு அந்த இயந்திரத்தில் ஓடும் சிமுலாவை எழுதிக் கொடுப்பதாக உடன்பாடு. மீதிக் காசுக்கு மூளையைக் கொடுத்தார்கள் என்று வையுங்களேன்.

இருவருக்கும் குணம் நேரெதிர். நைகார்ட் சத்தமாகப் பேசுபவர், அரசியல்காரர், பின்னாளில் தொழிற்சங்கங்களோடு நின்று வேலை செய்தவர். டால் அடக்கமானவர், ஓய்வில் பியானோ வாசிப்பவர். ஆனால் கரும்பலகைக்கு முன் வந்துவிட்டால் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். 1967இல் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ஒருவர், மேல்மாடியில் இரண்டு பேர் பயங்கரமாகச் சண்டை பிடிக்கிறார்கள் என்று பதறி ஓடிவந்தாராம். தொலைபேசி இணைப்பில் இருந்தவர் கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, டாலும் நைகார்ட்டும் சிமுலாவைப் பற்றிக் கதைக்கிறார்கள், வேறொன்றுமில்லை என்று அனுப்பிவைத்தாராம்.

அந்தச் சண்டையின் மூலம் ஒரு பாலம். கட்டணம் அறவிடும் சாவடியோடு ஒரு பாலம். அதற்கு முன்னால் லொறிகளும் பஸ்களும் மற்ற வாகனங்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இதுதான் அவர்கள் கையில் வைத்திருந்த உதாரணம். லொறிக்குச் சுமை உண்டு, பஸ்ஸுக்குப் பயணிகள் உண்டு. இரண்டும் வேறு வேறு. ஆனால் வரிசையில் நிற்கிற அளவில் இரண்டும் ஒன்றுதான்: எனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்ற தகவல் இரண்டுக்கும் வேண்டும். இங்கிலாந்தின் டோனி ஹோர் எழுதிய யோசனை ஒன்று அவர்களுக்கு உதவியது, ஆனால் போதவில்லை. 1966இன் முடிவிலும் 1967இன் தொடக்கத்திலும் வழி பிடிபட்டது. பொதுவானதை ஒருதடவை மட்டும் எழுதிவை. லொறி அதை முன்னே ஒட்டிக்கொண்டு தன் பங்கைச் சேர்க்கட்டும். பஸ் தன் பங்கைச் சேர்க்கட்டும். இன்று இன்ஹெரிட்டன்ஸ் என்று எங்களை மனப்பாடம் செய்ய வைப்பது இதைத்தான்.

இதை வாசித்தபோது எனக்கு ஓமந்தை ஞாபகம் வந்தது. என் அப்பா சோளகக் காலத்தில் எங்கள் கடல் கொந்தளிக்கும்போது முல்லைத்தீவுக் கரையில் வாடி போட்டுத் தொழில் செய்தவர். சண்டை அதை வெட்டிவிட்டது. 2002இல் ஏ9 வீதி திறந்ததும் பழைய ஆட்களைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கும் 13 வயது. ஓமந்தையில் வெயிலில் நின்றோம். ஒரே வரிசை. பஸ்ஸின் முறை வந்தால் ஆட்கள் இறங்கிப் பையைத் திறந்து காட்ட வேண்டும். லொறி என்றால் சாமான்களை இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். மோட்டார் சைக்கிள் என்றால் சீற்றைக் கழற்ற வேண்டும். கட்டளை ஒன்றுதான், சோதனை. ஒவ்வொரு வாகனத்துக்கும் அது நடக்கும் விதம் வேறு. சிமுலா 67 இதற்கும் இடம் வைத்திருந்தது. விரிவுரையில் மூன்று கிழமை விளங்காதது அந்த மேசையில் விளங்கியது. வாகனம் என்று ஒரு கிளாஸ், அதன் கீழ் பஸ், லொறி, மோட்டார் சைக்கிள். இரவோடிரவாக எழுதினேன், ஓடியது. மறுபரீட்சையில் 71.

சிமுலாவைப் பயன்படுத்தியவர்கள் அதிகமில்லை. ஆனால் பார்த்தவர்கள் சரியான ஆட்கள். அமெரிக்காவில் அலன் கே அதைப் பார்த்தபின் சிமோல்டோக் பிறந்தது. கேம்பிரிட்ஜில் அதைப் பயன்படுத்திய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979இல் தொடங்கிய வேலை சி++ ஆனது. 1995இல் வெளிவந்த ஜாவா அந்த வழியில் வந்ததே.

டால் இதற்குப் பின்னால் ஓடவில்லை. 1968இல் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1972இல் டைக்ஸ்ட்ரா, ஹோர் ஆகியோருடன் கட்டமைப்பு நிரலாக்கம் பற்றிய புத்தகத்தை எழுதினார். மீதிக் காலம் பெரும்பாலும் கற்பித்தல், நிரல் சரியானது என்பதைக் கணித முறையில் நிறுவும் ஆராய்ச்சி.

2001ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது. அடுத்த வருடம் பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. அந்த நாட்களில் எங்கள் ஊரில் நோர்வே என்றால் எரிக் சொல்ஹெய்ம் மட்டும்தான். 2002 ஜூன் 29இல் டால் காலமானார், 70 வயது. ஆறு கிழமை கழித்து ஓகஸ்ட் 10இல் நைகார்ட்டும் போய்ச் சேர்ந்தார். 2011 முதல் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் தகவலியல் கட்டடத்துக்கு டாலின் பெயர்.

படிப்பு முடிந்தபின் ஊரில் சனிக்கிழமைகளில் சில பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லிக் கொடுத்தேன். 2013 அளவில் இருக்கும். டாலின் கதையைச் சொல்லி, அதே பாலத்தைக் கரும்பலகையில் வரைந்து, புதிதாக ஒரு வாகனத்தைச் சேர்க்கச் சொன்னேன். அநேகமானோர் அம்புலன்ஸைச் சேர்த்தார்கள். அது வரிசையை விட்டு நேரே முன்னால் போகும்படி எழுதினார்கள். வன்னியிலிருந்து வந்து உடப்பில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த ஒரு பிள்ளையின் நிரலில் மட்டும் அம்புலன்ஸ் லொறிக்குப் பின்னால் நின்றது. ஏன் பிள்ளை என்று கேட்டேன். அது அப்படித்தான் நிற்கும் சேர் என்றாள். நிரல் பிழையில்லாமல் ஓடியது. நான் அதில் கை வைக்கவில்லை.