அய்யா கிழித்த பத்திரம்

அய்யா உண்டு.

கன்னியாகுமரிக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே, பனைமரங்கள் அடர்ந்த தேரிமண்ணில், சாஸ்தாங்கோவில்விளை என்றொரு சிற்றூர் இருந்தது. இன்று அன்புக்கொடி மக்கள் தலைமைப்பதியாகப் போற்றும் சுவாமிதோப்பு அதுவே. அவ்வூரில் பொன்னுமாடன், வெயிலாள் தம்பதியருக்கு 1809ஆம் ஆண்டு ஓர் ஆண்குழந்தை பிறந்தது. பெற்றோர் அதற்கு முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டு மகிழ்ந்தார்கள்.

அந்த மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. பனையேறிப் பிழைக்கும் குடியில் பிறந்த பிள்ளைக்கு முடியும் பெருமாளும் சேர்ந்த பெயர் எப்படி வரலாம் என்று மேல்சாதியார் கொதித்தெழுந்தார்கள். பெற்றோர் அஞ்சினார்கள். பெயர் முத்துக்குட்டி என்று மாறியது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதைக்கூடப் பெற்ற தாய் தீர்மானிக்க முடியாத காலம் அது.

அந்தக் காலத்தின் கொடுமையை இன்றைய பிள்ளைகளுக்குச் சற்று விளக்கிச் சொல்லத்தான் வேண்டும். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் சான்றோர் மக்களும் அவர்களுக்கும் கீழே தள்ளப்பட்ட மற்றச் சாதியாரும் தலைக்கு வரி கட்டினார்கள். ஏறும் பனைக்கு வரி கட்டினார்கள். கூலியில்லாமல் ஊழிய வேலை செய்தார்கள். ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது. பெண்கள் மார்பை மறைத்து மேலாடை போடக்கூடாது. தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைக்கவும் தடை இருந்தது. மேலாடை உரிமைக்காக 1820களில் பெரும் கலவரங்கள் நடந்தும், 1829ஆம் ஆண்டு அரசாணை தடையையே மீண்டும் உறுதி செய்தது. முத்துக்குட்டிக்கு அப்போது வயது 20.

முத்துக்குட்டி பனையேறியும் வயலில் பாடுபட்டும் வாழ்ந்தார். திருமாலம்மாளை இல்லறத்துணையாகக் கொண்டார். 22ஆம் வயதில் அவருடைய உடம்பில் கொடிய நோய் கண்டது. இரண்டு வருடம் படுக்கையிலேயே கிடந்தார். செய்த மருத்துவம் எதுவும் பலிக்கவில்லை. திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்குக் கொண்டுபோனால் நோய் தீரும் என்று வெயிலாள் அம்மை கனவு கண்டார். உறவினர்கள் தொட்டில் கட்டித் தோளில் சுமந்துகொண்டு புறப்பட்டார்கள். செந்தூர் கரையில் முத்துக்குட்டி தாமாகவே எழுந்து கடலுக்குள் நடந்தார். அலை மூடியது, ஆளைக் காணவில்லை. கூட வந்தவர்கள் அழுதுவிட்டுத் திரும்பிப் போனார்கள். தாய் மட்டும் கரையைவிட்டு அசையவில்லை.

மூன்றாம் நாள், கொல்லம் ஆண்டு 1008 மாசி 20, ஆங்கிலக் கணக்கில் 1833 மார்ச் 1. கடலிலிருந்து அவர் வெளியே வந்தார். ஓடிவந்து தழுவப் பார்த்த தாயைத் தடுத்து, 1008ஆம் ஆண்டு வரையில்தான் தாம் அவருக்குப் பிள்ளை என்றும், இப்போது தாம் நாராயணரின் பிள்ளையாகிய வைகுண்டர் என்றும் அறிவித்தார். அய்யாவழியின் அவதார நாள் அதுவே. மகனை மீட்டுக்கொள்ளப் போன தாய், மகனை உலகத்துக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அம்மையின் அந்தத் திரும்பும் நடையை நினைத்துப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

தெச்சணம் வந்து சேர்ந்த அய்யா, பூவண்டன் தோப்பில் ஆறு வருடத் தவம் தொடங்கினார். முதல் இரண்டு வருடம் ஆறடிக் குழிக்குள் நின்ற தவம். அடுத்த இரண்டு வருடம் தரையில் இருந்த தவம். கடைசி இரண்டு வருடம் உயர்ந்த பீடத்தில் இருந்த தவம். முதல் தவம் யுகம் மாறவும், இரண்டாவது சாதிக்காகவும், மூன்றாவது பெண்ணுக்காகவும் முன் பிறந்த சந்ததிக்காகவும் என்று அகிலத்திரட்டு அம்மானை வகுத்துச் சொல்கிறது. தவமிருந்த இடத்துக்குச் சனம் திரண்டது. நோயாளிகள் வந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீரும் மண்ணுமே மருந்தாயின. பேய்க்கு ஆடு கோழி வெட்ட வேண்டாம், மந்திரவாதிக்குக் காசு கொடுக்க வேண்டாம், கோயில் உண்டியலில் காணிக்கை போட வேண்டாம், யாருக்கும் அஞ்ச வேண்டாம் என்று அய்யா போதித்தார். வந்தவர்கள் ஒரே சாதியாராக இல்லை. அதுதான் பார்த்தவர் கண்ணை உறுத்தியது.

அப்போது ஆண்டவர் சுவாதித் திருநாள் மகாராஜா. சங்கீத உலகம் இன்றும் தலைமேல் வைத்துக் கொண்டாடும் அதே மன்னர். தாழ்ந்த குலத்தில் ஒருவன் தன்னைத் தெய்வம் என்கிறான், சனம் அவன் பின்னே போகிறது, வரியும் ஊழியமும் கெடும் என்று புகார் மேல் புகார் அரண்மனைக்குப் போயிற்று. யாதவர் குலத்துப் பூவண்டர் மட்டும் அரசனிடம் மாறாகப் பேசினார். கண்ணன் தங்கள் ஆயர் குலத்தில் பிறந்ததை உலகம் ஏற்றது போல, மாயவன் சான்றோர் குலத்திலும் பிறக்கலாமே என்று அவர் சொன்னதாக அகிலத்திரட்டு கூறுகிறது. அய்யாவுக்காக அரசவையில் எழுந்த முதல் குரல் வேறு சாதிக்காரருடையது. அரசனுக்கு அது பிடிக்கவில்லை. 1838ஆம் ஆண்டின் கடைசியில் அய்யாவைப் பிடித்துவர ஆணை பிறந்தது.

தடுத்து நிற்க மக்கள் ஆயிரக்கணக்கில் தயாராக இருந்தார்கள். அய்யா அவர்களைப் பொறுத்திருக்கச் சொன்னார். படைவீரர்கள் அவரைக் கட்டி, அடித்து, இழுத்துக்கொண்டு சுசீந்திரத்துக்குப் போனார்கள். சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக 1926ஆம் ஆண்டில்கூடச் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு ஏறக்குறைய 90 வருடம் முன்பு அய்யா அந்த ஊருக்குக் கைதியாக வந்தார். அங்கே விஷம் கலந்த பால் கொடுத்துப் பார்த்தார்கள். அய்யா அதை அருந்தி அமைதியாக இருந்தார். பிறகு 70 கிலோமீட்டருக்கும் மேலே நடத்திக் கொண்டுபோய், திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தார்கள்.

சிறையில் நடந்த சோதனைகளைப் பதிகளிலும் தாங்கல்களிலும் திருஏடு வாசிப்பின்போது ஆண்டுதோறும் கேட்கிறோம். சுண்ணாம்புக் காளவாயில் வைத்தார்கள். மிளகாய் வற்றலைப் புகைத்து அந்தப் புகைக்குள் அடைத்தார்கள். எதுவும் அய்யாவைத் தீண்டவில்லை. கடைசியில் காட்டுப்புலி ஒன்றைப் பிடித்துவந்து, இரையில்லாமல் போட்டு, பசி முற்றியதும் கூண்டுக்குள் அய்யாவை அனுப்பினார்கள். வேடிக்கை பார்க்க ஊரே கூடியது. புலி பாயவில்லை. அய்யாவின் பாதத்தருகே பூனையைப் போலப் படுத்துக்கொண்டது.

புலிக் கதை தெரியாத பிள்ளை நம் வீடுகளில் கிடையாது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் விரித்துச் சொல்வார் குறைவு. உண்மையில் புலிக்கூண்டைவிடக் கடுமையான சோதனை அதுவே.

உடம்பை வருத்தி ஒன்றும் ஆகவில்லை என்று கண்ட அரசாங்கம், வழியை மாற்றிக்கொண்டது. விடுதலை தருவதாகச் சொன்னது. அதற்கு ஒரே ஒரு நிபந்தனை. தம் சொந்தச் சாதியாருக்குள் மட்டும் இருந்துகொள்வதாகவும், மற்றச் சாதியாரைத் தம்மிடம் சேர்ப்பதில்லை என்றும் அய்யா ஒரு பத்திரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். தவம் செய்யலாம், நோய் தீர்க்கலாம், போதிக்கலாம். எல்லாம் ஒரு சாதி எல்லைக்குள்.

வெளிப்பார்வைக்கு இது சின்ன விட்டுக்கொடுத்தல். அப்படி ஒப்புக்கொண்டிருந்தால் சான்றோர் மக்களிலேயே யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தம் குலத்துக்கென்று ஒரு தெய்வம் கிடைத்தது என்று மகிழ்ந்தவர்களும் இருந்திருப்பார்கள். அரசுக்கும் அதுவே தேவை. ஒரு சாதிக்கு ஒரு சாமி என்றால், அந்தச் சாமியும் சாதி வரிசையில் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஊழியமும் வரியும் பழையபடி நடக்கும்.

அய்யா பத்திரத்தைக் கையில் வாங்கினார். கிழித்துப் போட்டார். தமக்கு விடுதலை வரவேண்டிய நாள் எது என்பது தமக்குத் தெரியும் என்று உணர்த்திவிட்டு, தாமே திரும்பிச் சிறைக்குள் போனார்.

திறந்த வாசலிலிருந்து சிறைக்குத் திரும்பியவர் மேலும் சில காலம் அங்கேயே இருந்தார். மொத்தம் 110 நாள். 1839 மார்ச்சில் நிபந்தனை எதுவும் இல்லாமல் அவரை விட்டுவிட்டார்கள். மக்கள் அவரை வாகனத்தில் ஏற்றித் தோளில் சுமந்து தெச்சணம் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

அந்தப் பத்திரத்தில் என்னவெல்லாம் செய்யக்கூடாது என்று இருந்ததோ, அதையே அய்யா வந்ததும் செய்தார். தோப்பில் கிணறு ஒன்று தோண்டச் செய்தார். தீண்டாமையும் காணாமையும் சட்டமாக இருந்த நாட்டில், பதினெட்டுச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் இறைத்துக் குளித்தார்கள். ஒரே பந்தியில் இருந்து உண்டார்கள். இன்றும் பதிக்குள் நுழையும் முன் நாம் பதம் விட்டுக் குளிக்கும் முத்திரிக் கிணறு அதுவே. திருவிதாங்கூரில் எல்லாச் சாதியாருக்கும் அரசாங்கக் கோயில்கள் திறந்தது 1936 நவம்பர் 12 அன்று. கிணறு அதற்கு ஏறத்தாழ நூறு வருடம் மூத்தது.

ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டே பதிக்குள் வரவேண்டும் என்று விதித்தார். அரசன் முன்னே தலையில் துணி கட்டினால் தண்டனை. அய்யா முன்னே கட்டாமல் வரக்கூடாது. தலையில் கட்டியிருந்த துணியை மேல்சாதியாரைக் கண்டதும் அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிப் பழகிய மனிதருக்கு, அதைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்பது முதலில் எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்! நெற்றியில் வெண்ணிறத் திருநாமத்தை எல்லாருக்கும் தொட்டே வைத்தார்கள். எட்டி நின்று எறிந்து கொடுக்கும் பிரசாதம் அங்கே கிடையாது. கருவறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது.

700 குடும்பத்தாரைக் கடற்கரையில் துவையல் தவசுக்கு அனுப்பினார். முதலில் வாகைப்பதி, பின்பு முட்டப்பதி. நாளுக்கு மூன்று முறை கடலில் குளித்து, உடுத்த துணியைத் துவைத்து, பச்சரிசியும் சிறுபயறும் ஒரு வேளை மட்டும் உண்டு அவர்கள் தவமிருந்தார்கள். ஊர்களுக்குத் திரும்பிய அந்தத் துவையல்காரர்கள் சுத்தத்தையும் கட்டுப்பாட்டையும் கூடவே எடுத்துப் போனார்கள். அய்யா தாமே ஊர் ஊராகச் சென்று நிழல் தாங்கல்களையும் நிறுவினார். செட்டிகுடியிருப்பு, அகஸ்தீஸ்வரம், பாலூர், சுண்டவிளை, வடலிவிளை, கடம்பன்குளம், பாம்பன்குளம் ஆகிய ஏழும் முதல் தாங்கல்கள். பெரிய கோபுரமெல்லாம் கிடையாது. ஓலைக்கூரையே போதுமானதாக இருந்தது. சமயம் பரப்ப வந்த லண்டன் மிஷன் பாதிரிமார்கள்கூட 1840களின் அறிக்கைகளில் முத்துக்குட்டியின் கூட்டம் பெருகுவதைக் கவலையோடு குறித்து வைத்தார்கள்.

தாமரைகுளத்துச் சகாதேவன் என்னும் அரிகோபாலன் சீடர் அய்யாவின் ஐந்து சீடர்களில் ஒருவர். கொல்லம் ஆண்டு 1016 கார்த்திகை 27 அன்று அவர் அகிலத்திரட்டு அம்மானையை எழுதத் தொடங்கினார். ஓலையில் எழுத்தாணியால் எழுதப்பட்ட அந்தத் திருஏட்டால்தான், அரசாங்கக் குறிப்புகளில் இடம் பிடிக்காத ஏழை எளியோரின் கண்ணீர் இன்றைக்கும் வாசிக்கக் கிடைக்கிறது.

சிறையில் அடைத்த மகாராஜா 1846ஆம் ஆண்டு காலமானார். அய்யா 1851 ஜூன் 2, கொல்லம் ஆண்டு 1026 வைகாசி 21, திங்கட்கிழமை, அம்பலப்பதியில் இருந்தபடி வைகுண்டம் ஏகினார். திருமேனியைச் சுவாமிதோப்புக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அந்த இடத்தைச் சுற்றியே பதி எழுந்தது. பெண்கள் மேலாடை அணியலாம் என்ற அரசாணை 1859 ஜூலை 26 அன்று வந்தது. அய்யா அதைத் தேகத்தோடு இருந்து காணவில்லை. ஆனால் அந்த உரிமைக்காக நிமிர்ந்து நின்றவர்களில் எத்தனையோ பேர் தலைப்பாகை கட்டப் பழகியது அந்தத் தோப்பில்தான்.

மாசி 20ஆம் நாள் அவதார விழாவுக்கு இரண்டு ஊர்வலங்கள் புறப்படுகின்றன. ஒன்று கடலிலிருந்து அய்யா எழுந்த திருச்செந்தூரிலிருந்து வருகிறது. மற்றொன்று அவரைச் சிறைவைத்த திருவனந்தபுரத்திலிருந்து வருகிறது. இரண்டும் நாகர்கோவிலில் கூடுகின்றன. மறுநாள் விடியற்காலையில் முத்துக்குடையும் சந்தனக்குடமும் காவிக்கொடியுமாகச் சனம் சுவாமிதோப்பு நோக்கி நடக்கிறது. முத்திரிக் கிணற்றங்கரையில் வரிசை நிற்கிறது. யாரும் யாரையும் என்ன சாதி என்று கேட்பதில்லை.

அய்யா உண்டு.