காவிரிக்கரையில் நம் ஊர்ப்பெயர்

நம் நகரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே தாங்கி இசையுலகில் ஒளிவீசியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878இல் நஞ்சன்கூட்டில், தேவதாசி மரபில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். ஆயினும் இசையும் நடனமும் வடமொழியும் முறையாகப் பயின்று, 15 வயதளவில் மேடையேறினார். பெங்களூரிலும் பின்னர்ச் சென்னையிலும் அவர் புகழ் பரவிற்று. கிராமபோன் தட்டுகளிலும் அவர் குரல் ஏறிற்று.

பாடிச் சேர்த்த பொருளை அம்மையார் என்ன செய்தார்? திருவையாற்றில் தியாகராசர் சமாதி சிதைந்து கிடந்தது. அங்கே 1921இல் கோயிலுக்கு அடிக்கல் நாட்டி, 1925இல் குடமுழுக்குச் செய்வித்தார். ஆனால், ஆராதனையில் பெண்கள் பாடலாகாது என்றனர். கோயில் எழுப்பியவருக்கே அங்குப் பாட உரிமை இல்லை! அம்மையார் சோர்ந்துவிடவில்லை. பெண்களைத் திரட்டிச் சமாதியின் பின்புறத்தில் தனியே ஆராதனை நடத்தினார். 1940ஐ ஒட்டிப் பிரிந்திருந்த கட்சிகள் ஒன்றாயின. பெண்குரலும் உரிமை பெற்றது.

1952இல் மறைந்த அம்மையார் தியாகராசர் சமாதிக்கு எதிரிலேயே துயில்கிறார். தோழர்களே! கன்னட மண்ணில் பிறந்த காவிரி தமிழ் மண்ணை வளப்படுத்துகிறது. அம்மையாரின் வாழ்வும் அத்தகையதே. திருவையாறு செல்லும்போது அவரையும் வணங்கி வாருங்கள்.