நாய்க்கடி ஊசியைத் தந்த லூயி பாஸ்டர்: 37 நாள் தாமதம் சொன்ன பாடம் என்ன?

மதுரையில் ஒருவரை நாய் கடிச்சிட்டா என்ன செய்வார்? அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் ஊசி போட்டுக்கொள்வார். 1885-க்கு முன்பு உலகில் எங்கும் அந்த ஊசி கிடையாது. அதை உருவாக்கிய லூயி பாஸ்டர் டாக்டரும் கிடையாது. வேதியியல் படித்தவர்.

சிறுவயதில் பார்த்த காட்சி

1822 டிசம்பர் 27-ம் தேதி பிரான்ஸின் டோல் நகரில் பிறந்தார் பாஸ்டர். அப்பா தோல் பதனிடும் தொழில் செய்தவர். ஆர்புவா என்ற ஊரில் குடும்பம் வசித்தபோது, 1831-ல் வெறிபிடித்த ஓநாய் ஒன்று அந்தப் பகுதியில் பலரைக் கடித்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தைச் சுடுவதுதான் அன்றைய வைத்தியம். கொல்லன் பட்டறையில் நடந்த அந்தக் கொடுமை 8 வயது பாஸ்டரின் மனதில் தங்கிவிட்டது.

வளர்ந்து விஞ்ஞானியான பிறகும் சோகம் விடவில்லை. 1859 முதல் 1866 வரை 3 மகள்களை அடுத்தடுத்து நோய்க்குப் பறிகொடுத்தார். 1868-ல் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்தது. ஆனாலும் ஆய்வை நிறுத்தவில்லை. பட்டுப்புழு, கோழி என்று நோய்களைத் தேடிப் போனார். 1881-ல் ஆடுகளுக்கு அடைப்பான் நோய்த் தடுப்பூசி போட்டுக் காட்டினார். ஊசி போட்ட ஆடுகள் பிழைத்தன, போடாதவை செத்தன.

ரேபிஸை எப்படி மடக்கினார்?

ரேபிஸ் கிருமி கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மெதுவாக மூளைக்கு ஏறும். இதற்குப் பல வாரங்கள், சில நேரம் மாதங்கள்கூட ஆகலாம். கிருமி மூளைக்குப் போவதற்குள் உடலுக்கு எதிர்ப்பு சக்தியைக் கொடுத்துவிட்டால் போதும் என்பதுதான் பாஸ்டரின் கணக்கு. நோய் வந்த முயலின் தண்டுவடத்தை உலர்த்தி, வீரியம் குறைந்த மருந்தை அவரும் எமில் ரூவும் உருவாக்கினார்கள்.

1885 ஜூலை 6. அல்சாஸ் பகுதியில் இருந்து 9 வயது ஜோசப் மைஸ்டரை அவன் அம்மா பாரிஸுக்கு அழைத்து வந்தார். 2 நாளுக்கு முன்பு அவனைக் கடித்தது தெருநாய் இல்லை, ஒரு மளிகைக்காரரின் வளர்ப்பு நாய். மனிதர்களிடம் சரியாகச் சோதிக்காத மருந்து என்பதால் பாஸ்டருக்குத் தயக்கம் இருந்தது. அந்தத் துணிச்சல் சரியா என்ற விவாதம் இன்றும் உண்டு. டாக்டர்கள் மூலம் 13 ஊசிகள் போடப்பட்டன. பையன் பிழைத்தான்.

அதே ஆண்டு நவம்பரில் 10 வயது லூயிஸ் பெல்லெத்தியே என்ற சிறுமியைக் கொண்டு வந்தார்கள். கடி தலையில். கடித்து 37 நாள் ஆகியிருந்தது. தாமதம் என்று தெரிந்தும் பெற்றோரிடம் முடியாது என்று சொல்ல பாஸ்டருக்கு மனம் வரவில்லை. டிசம்பரில் சிறுமி இறந்துபோனாள். மருந்து ஒன்றுதான், வித்தியாசம் நாட்களில் இருந்தது.

குன்னூருக்கு வந்தது எப்படி?

1902-ல் லில்லி பேகன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலேயப் பெண் ரேபிஸால் இறந்தார். தென்னிந்தியாவில் அப்போது இந்த ஊசி கிடைக்கவில்லை. அமெரிக்கக் கொடையாளர் ஹென்றி ஃபிப்ஸின் நிதியும் கைகொடுக்க, 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது.

இன்று நாம் என்ன செய்யணும்?

நாய்க்குட்டிக்கு 3 மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி போடுங்க. பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் நாளில் பூஸ்டர், அப்புறம் ஆண்டுதோறும். பூனைக்கும் இது அவசியம். வீட்டை விட்டு வெளியே போகாத நாய்தானே என்று விட்டுவிட வேண்டாம்.

குணம் திடீரென மாறுவது, குரைப்பு மாறுவது, தாடை தொங்கி எச்சில் வடிவது, விழுங்க முடியாமல் தவிப்பது, பின்னங்கால் தள்ளாடுவது எல்லாம் எச்சரிக்கை. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று நினைத்து வாய்க்குள் கைவிடாதீங்க. மருத்துவரைக் கூப்பிடுங்க.

கடித்தாலோ, பிராண்டினாலோ சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவணும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. அன்றே முதல் ஊசி. காயம் ஆழமாக இருந்தால் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். நாயை 10 நாள் கவனிக்கலாம், ஆனால் ஊசிக்காக 10 நாள் காத்திருக்கக் கூடாது. அறிகுறி வந்துவிட்டால் ரேபிஸில் பிழைப்பது மிக மிக அரிது.

பாஸ்டர் இறந்தது 1895 செப்டம்பர் 28. அந்தத் தேதிதான் இப்போது உலக ரேபிஸ் தினம். உங்க வீட்டு நாயின் தடுப்பூசி அட்டையை எடுத்து, அடுத்த ஊசி எப்போது என்று பார்த்துவிடுங்க.