பாதிக் கூடு எதற்கு? சலீம் அலியின் கதை

போன புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மழை சற்று விட்டிருந்த நேரம். சி பிளாக் சிறுமி ஒருத்தி பின்பக்க மதிலோரம் விழுந்து கிடந்த தூக்கணாங்குருவிக் கூடு ஒன்றை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு லிஃப்டுக்கு வந்தாள். மதிலை ஒட்டி, குட்டையின் பக்கம் சாய்ந்து நிற்கிறதே ஈச்ச மரம், அதிலிருந்து விழுந்தது. நாம் படத்தில் பார்க்கும் நீண்ட குழாய் வாசல் அதில் இல்லை. கவிழ்த்து வைத்த ஹெல்மெட் போல மேல்பாதி மட்டும். அடியில் திறந்த வாய், குறுக்கே ஒரு பட்டை. அவ்வளவு அழகாகப் பின்னத் தெரிந்த குருவி ஏன் பாதியிலேயே விட்டுவிட்டது என்று கேட்டாள். காற்றில் அறுந்திருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன். மரத்தை அண்ணாந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அங்கே தொங்கும் கூடுகளிலும் நாலைந்து அதே மாதிரி பாதியில் நிற்கின்றன.

பதிலைத் தேடிப் போனால் அது கொண்டுபோய் நிறுத்திய இடம் சலீம் அலியின் வாழ்க்கை. இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தவரே அவர்தான். அதுவும் வேலை பறிபோய் வீட்டில் இருந்த காலத்தில், வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கூடுகளைப் பார்த்து.

லாயத்து ஆணியில் ஒரு குருவி

சலீம் அலி 1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் பிறந்தார். பெரிய குடும்பத்தின் கடைசிக் குழந்தை. ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருதீன் தியாப்ஜியும் அவர் மனைவி ஹமீதா பேகமும்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். கேத்வாடி என்ற நெரிசலான பகுதியில் வீடு. மாமா வேட்டைப் பிரியர். மருமகனுக்கு ஒரு ஏர்கன் வாங்கிக் கொடுத்தார். வீட்டைச் சுற்றியிருந்த சிட்டுக்குருவிகள்தான் பையனின் குறி.

பத்து வயது வாக்கில் அவர் எழுதி வைத்த குறிப்பு ஒன்று உண்டு. குதிரை லாயத்துச் சுவரில் ஒரு பொந்து, அதில் பெண் குருவி முட்டைகளோடு. வெளியே ஓர் ஆணியில் ஆண் குருவி காவல். பையன் ஒளிந்திருந்து ஆணைச் சுட்டான். சற்று நேரத்தில் வேறோர் ஆண் வந்து அதே ஆணியில் உட்கார்ந்தது. அதையும் சுட்டான். 7 நாளில் 8 ஆண் குருவிகள். ஒவ்வொரு முறையும் அடுத்த துணை எங்கிருந்தோ வந்துவிட்டது.

இன்று படிக்கும்போது நமக்கு மனசு கஷ்டப்படும். ஆனால் அந்த வயதுப் பையன் எத்தனை நாள், எத்தனை ஆண் என்று எண்ணி, தேதி போட்டு எழுதி வைத்தானே, அதைக் கவனிக்க வேண்டும். ஓர் இணை போனால் அந்த இடத்துக்கு வர இன்னொன்று காத்திருக்கும் என்கிற விஷயம் அந்தக் குறிப்பில் இருக்கிறது.

1908 வாக்கில் அவர் சுட்ட ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் கறை இருந்தது. சாதாரணச் சிட்டுக்குருவி இல்லை. அதைச் சாப்பிடலாமா கூடாதா என்ற சந்தேகத்தோடு மாமாவிடம் போனார். மாமாவுக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் உறுப்பினர். அங்கே கௌரவச் செயலாளராக இருந்த மில்லார்டு என்ற வெள்ளைக்காரருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார். பையன் செத்த குருவியைக் காகிதத்தில் பொதிந்து, பயந்துகொண்டே போனார். மில்லார்டு விரட்டவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்து அடுக்கியிருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். படிக்கப் புத்தகங்களும் கொடுத்தார். அதில் ஒன்று பம்பாயின் சாதாரணப் பறவைகளைப் பற்றியது. தினமும் ஜன்னலில் பார்க்கும் காக்கைக்கும் மைனாவுக்கும் ஒரு புத்தகமே இருக்கிறது என்று அந்தப் பையனுக்கு அன்றுதான் தெரிந்தது.

பட்டமும் இல்லை, வேலையும் இல்லை

படிப்பு அவருக்குச் சரியாக வரவில்லை. 1913இல் மெட்ரிகுலேஷன் தேறியதே பெரிய பாடு. கல்லூரியில் ஓராண்டு திணறிவிட்டு, குடும்பத்தாரின் சுரங்க, மரத் தொழிலைப் பார்க்கப் பர்மாவின் தவாய்க்குப் போனார். போனது தொழிலுக்கு, பார்த்தது காட்டுப் பறவைகளை. அந்தத் தொழில் நிலைக்கவில்லை. இடையில் பம்பாய் வந்தபோது வணிகப் படிப்போடு கொஞ்சம் விலங்கியலும் படித்தார். 1918 டிசம்பரில் தெமினாவைத் திருமணம் செய்துகொண்டார்.

விலங்கியல் துறையில் அரசு வேலைக்கு முயன்றார். முறையான பட்டம் இல்லை என்பதால் கிடைக்கவில்லை. 1926இல்தான் பம்பாய் அருங்காட்சியகத்தில் இயற்கை வரலாற்றுப் பிரிவைப் பார்வையாளர்களுக்கு விளக்கும் வேலை வந்தது. மாதம் 350 ரூபாய். இரண்டு வருடத்தில், முறையாகக் கற்காமல் இது போதாது என்று விடுப்பு எடுத்துக்கொண்டு பெர்லின் போனார். அங்கே எர்வின் ஸ்ட்ரெஸ்மான் என்ற பெரிய பறவையியலாளரிடம் பயிற்சி பெற்றார். 1930இல் திரும்பி வந்து பார்த்தால், பணம் இல்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

வயது 33. ஜெர்மனியில் படித்துவிட்டு வந்த மனிதருக்கு உள்ளூரில் சம்பளம் கொடுக்க ஆள் இல்லை. பம்பாயில் வாடகை கொடுத்து இருக்கக் கட்டுப்படியாகாது. கணவனும் மனைவியும் துறைமுகத்துக்கு அக்கரையில், அலிபாக் பக்கத்தில் உள்ள கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடிபோனார்கள்.

கிஹிமில் ஒரு மழைக்காலம்

நம்மில் பலர் இந்த நிலையில் நாள் முழுக்க விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்போம். சலீம் அலிக்கோ வீட்டருகே தூக்கணாங்குருவிக் கூட்டம் ஒன்று கிடைத்தது. மழை தொடங்கியதும் குருவிகள் கூடு கட்ட ஆரம்பித்தன. அவர் நாள் தவறாமல் உட்கார்ந்து பார்த்தார். எந்தக் கூட்டை எந்த ஆண் கட்டுகிறது, எந்தப் பெண் எப்போது வருகிறது என்று கூட்டுக்குக் கூடு கணக்கு வைத்தார்.

தூக்கணாங்குருவியைப் பற்றி அதுவரை கதைகளுக்குக் குறைவில்லை. மின்மினிப் பூச்சியைக் களிமண்ணில் ஒட்டி விளக்கு வைக்கும் என்று நம் பாட்டிமார்களும் சொல்வார்கள். பாதியில் நிற்கும் கூடுகளுக்கும் ஆளுக்கொரு காரணம் சொல்லி வந்தார்கள். உண்மையில் அங்கே நடப்பது இதுதான்.

கூடு கட்டுவது பெரும்பாலும் ஆணின் வேலை. புல்லிலும் நெல் தாளிலும் ஓலையிலும் அலகால் நார் கிழித்து, நூற்றுக்கணக்கான தடவை பறந்து பறந்து கொண்டுவந்து பின்னும். முழுக் கூட்டுக்குச் சுமார் 18 நாள் பிடிக்கும். ஆனால் 8 நாள் அளவில், ஹெல்மெட் வடிவம் வந்ததும் ஆண் வேலையை நிறுத்திவிடும். இறக்கையை அடித்துக் கூவிப் பெண் குருவிகளை அழைக்கும். பெண்கள் கூட்டமாக வரும், கூட்டுக்குள் புகுந்து பார்க்கும், நாரை இழுத்துச் சோதிக்கும். நாம் பிளாட் வாங்கும்போது குழாயைத் திறந்து பார்ப்பது போலத்தான். பிடித்தால் தங்கும், பிடிக்காவிட்டால் அடுத்த கூடு. ஒரு பெண் தங்கிவிட்டால்தான் ஆண் மீதியைக் கட்டும், குழாய் வாசலையும் முடித்துக் கொடுக்கும். எந்தப் பெண்ணும் ஏற்காத கூடு அப்படியே பாதியில் நிற்கும்.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் அங்கே இருப்பதில்லை. பக்கத்திலேயே அடுத்த கூட்டைப் பின்ன ஆரம்பித்து, இன்னொரு பெண்ணை அழைக்கிறது. அதற்கும் குடும்பம் அமைந்தால் மூன்றாவது. குஞ்சுகளை வளர்ப்பது பெண்ணின் பொறுப்பு. ஓர் ஆண் ஒரே பருவத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல இணைகளைச் சேர்க்கிற இந்த முறையைச் சலீம் அலி விளக்கினார். 1931இல் சங்கத்தின் ஆய்விதழில் அந்தக் கட்டுரை வந்தது. பறவையியலாளர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது அதன் பிறகுதான்.

தெமினா

அடுத்து அவர் செய்தது துணிச்சலான காரியம். பல சமஸ்தானங்களில் என்னென்ன பறவைகள் உண்டு என்று அதுவரை முறையாக யாரும் பார்த்ததில்லை. முகாம் செலவை மட்டும் ஏற்றால் போதும், சம்பளம் வேண்டாம் என்று சொல்லிக் கணக்கெடுக்கும் பணியை ஏற்றார். ஹைதராபாத், கொச்சி, திருவிதாங்கூர், குவாலியர், இந்தூர், போபால் என்று 1930கள் முழுக்கக் காடும் கூடாரமுமாகப் போயின. தெமினா இங்கிலாந்தில் படித்தவர், வசதியாக வாழ்ந்தவர். மாட்டு வண்டியும் கொசுவும் மழையுமான அந்த வாழ்க்கைக்குக் கணவரோடு கிளம்பி, முகாம்களைப் பார்த்துக்கொண்டார்.

1939இல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு தெமினா இறந்துபோனார். சலீம் அலி உடைந்துபோனார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. பம்பாய் திரும்பி, பாலி ஹில்லில் அக்கா கமூவின் குடும்பத்தோடு தங்கினார். மீதி ஆயுள் முழுக்கப் பறவைகளுக்கே போனது.

1941இல் அவருடைய இந்தியப் பறவைகள் நூல் வெளிவந்தது. படத்தைப் பார்த்து யாரும் தங்கள் தோட்டத்துப் பறவையை அடையாளம் காணலாம் என்ற எண்ணத்தில் எழுதியது. டேராடூன் சிறையில் இருந்த நேரு, அதன் பிரதி ஒன்றை மகள் இந்திராவுக்குப் பரிசளித்தார். சிறை முற்றத்துக்கும் பறவை வருமல்லவா!

அதன் பின் நடந்தவை பலருக்கும் தெரிந்தவை. டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து 1968 முதல் 1974 வரை 10 தொகுதிகளாக வந்த பறவைக் கையேடு, பரத்பூரையும் சைலன்ட் வேலியையும் காக்க எழுப்பிய குரல், 1958இல் பத்ம பூஷண், 1976இல் பத்ம விபூஷண், 1985இல் மாநிலங்களவை நியமனம். பரிசாக வந்த பெரும் தொகையை இயற்கைப் பாதுகாப்பு நிதியாக்கினார். ஆராய்ச்சிக்காகப் பறவைகளைச் சேகரிப்பது தேவை என்றே கடைசிவரை கருதினார். காரணமில்லாமல் கொல்வதை வெறுத்தார். ஏர்கன் தூக்கிய பையன் அங்கே வந்து சேர்ந்தான். 1987இல், 90 வயதில், மறைந்தார்.

நம் ஊருக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையமிடும் பணியை அவருடைய சங்கம் பல ஆண்டுகள் நடத்தியது. மேகமலையில் 1948இல் கிடைத்த ஓர் அரிய பழந்தின்னி வௌவாலுக்கு 1972இல் அவர் பெயரைச் சூட்டினார்கள். கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரில் 1990இல் தொடங்கிய பறவை ஆய்வு மையம் இயங்குகிறது.

நம் வளாகத்துக்கு

இவ்வளவு பெரிய வாழ்க்கையில் திருப்பம் தந்த இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று குதிரை லாயத்துச் சுவர், இன்னொன்று வாசலுக்குப் பக்கத்தில் தொங்கிய கூடுகள். நம் வாட்ஸ்அப் குழுவில் பறவை என்றாலே பால்கனிப் புறா எச்சம், வலை அடிக்கும் செலவு என்றுதான் பேச்சு. ஆனால் நம் பூவரசில் தையல்சிட்டு இலை தைக்கிறது. பார்க்கிங் ஓரச் செம்பருத்திக்குத் தேன்சிட்டு வருகிறது. தண்ணீர்த் தொட்டி மேல் வல்லூறு உட்கார்ந்தால் தவிட்டுக்குருவிகள் ஊரைக் கூட்டுகின்றன. சாயந்திரம் செண்பகத்தின் குரலை ஏ பிளாக் பூராவும் கேட்கலாம். பார்க்கத் தனிக் கருவி வேண்டாம். ஒரு பழைய நோட்டும் பேனாவும் போதும். தேதி, நேரம், என்ன பறவை, என்ன செய்தது என்று நான்கு விஷயம். பெயர் தெரியாவிட்டால் நிறத்தை எழுதுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஈச்ச மரத்தின் மட்டைகளை வெட்டிச் சுத்தம் செய்யும் வேலையை வழக்கமாக மழைக்கு நடுவில் வைக்கிறோம். குருவிகள் குஞ்சு பொரிப்பதும் அப்போதுதான். இந்த வருடம் அதைத் தை மாதத்துக்குத் தள்ளி வைத்தால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அந்தச் சிறுமியிடம் சரியான பதிலைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். அந்த ஆண் குருவி பாவம் என்றாள். அடுத்த கூடு கட்டப் போயிருக்கும் என்றேன். இப்போது அவள் மாடிப்படி ஜன்னலில் நின்று, மரத்தில் எத்தனை கூடு முழுசு, எத்தனை பாதி என்று நோட்டில் எழுதுகிறாள். போன வாரக் கணக்கு: முழுசு 6, பாதி 5.