நோய்க்கு முன்னே ஊசி: லூயி பாஸ்டர் வாழ்வு சொல்லும் பாடம்

உங்கள் வீட்டு நாய்க்குக் கடைசியாக வெறிநோய்த் தடுப்பூசி போட்டது எப்போது? பட்டியில் உள்ள ஆடுகளுக்கு? தேதி சட்டென்று நினைவுக்கு வரவில்லை என்றால், இந்த மனிதரின் கதையைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இவர் கால்நடை மருத்துவர் அல்ல. மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரும் அல்ல. வேதியியல் படித்தவர். ஆனாலும் ஆடு, மாடு, கோழி, பன்றி, நாய், பட்டுப்புழு வளர்க்கும் ஒவ்வொருவரும் இவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

லூயி பாஸ்டர் 1822 டிசம்பர் 27 அன்று பிரான்ஸ் நாட்டின் கிழக்கே டோல் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. நெப்போலியனின் படையில் சிப்பாயாக இருந்தவர். சிறுவனின் இளமைக்காலம் ஆர்புவா என்ற திராட்சைத் தோட்ட ஊரில் கழிந்தது. 1831-ல், பாஸ்டருக்கு எட்டு வயதாக இருந்தபோது, அந்தப் பகுதிக்குள் வெறிபிடித்த ஓநாய் ஒன்று புகுந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் கடித்தது. கடிபட்டவர்களைக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டு போனார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தைச் சுட்டார்கள். அன்றைக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். அப்படியும் பலர் இறந்து போனார்கள். வெறிநோய்க்கு வழி கண்டுபிடிக்கப் போகும் மனிதர் அந்த ஊரில்தான் வளர்ந்தார்.

பட்டுப்புழுவில் தொடங்கிய பாடம்

விவசாயிகளின் வீட்டுக்குள் பாஸ்டர் முதலில் நுழைந்தது பட்டுப்புழு வழியாகத்தான். தெற்குப் பிரான்சில் பெப்ரின் என்ற நோயால் பட்டுப்புழுக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக் கொண்டிருந்தன. புழு வளர்ப்பை நம்பியிருந்த குடும்பங்கள் நொடித்துப் போயின. 1865-ல் பாஸ்டரின் பழைய ஆசிரியர் ஒருவர் அவரை அந்த ஊர்களுக்குப் போகச் சொன்னார். அதுவரை அவர் பட்டுப்புழுவைக் கையால் தொட்டதே இல்லை.

அலெஸ் என்ற ஊரில் தங்கி, பருவத்துக்குப் பருவம் புழுக்களோடு கிடந்தார். அந்த ஆண்டுகளில்தான் அவருடைய தந்தை இறந்தார். இரண்டு மகள்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். 1868-ல், 45 வயதில், பக்கவாதம் தாக்கி இடது கையும் காலும் செயலிழந்தன. கடைசிவரை அவை முழுதாகச் சரியாகவில்லை. ஆனால் வேலையை அவர் விடவில்லை.

அவர் கண்ட வழி எளிமையானது. முட்டையிட்டு முடித்த தாய் அந்துப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பாருங்கள்; நோய்த்துகள் தெரிந்தால் அந்தப் பூச்சி இட்ட முட்டைகளை எரித்து விடுங்கள்; தெரியாவிட்டால் வளர்க்கலாம். அவ்வளவுதான். நோய் வந்த புழுவுக்கு மருந்து தேடாமல், நோய் இல்லாத முட்டையைத் தேர்ந்தெடுத்தார். நீங்கள் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்ப்பவராக இருந்தால், உங்களுக்கு வரும் முட்டைத் தொகுதிகள் இன்றும் இதே தாய்ப்பூச்சிச் சோதனையைத் தாண்டித்தான் வருகின்றன.

சாபம் பிடித்த வயல்கள்

அடுத்து அவர் கையில் எடுத்தது அடைப்பான் நோய். மேயப் போன ஆடு மாலையில் திரும்பாது. மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கரிய ரத்தத்தோடு செத்துக் கிடக்கும். பிரான்சின் சில நிலங்களில் ஆண்டுதோறும் இது நடந்தது. அந்த நிலங்களைச் சாபம் பிடித்த வயல்கள் என்றே மக்கள் சொன்னார்கள்.

ஜெர்மனியில் ராபர்ட் கோக் 1876-ல் இந்த நோயின் கிருமியையும், அது மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கும் வித்துகளையும் விளக்கியிருந்தார். பாஸ்டர் ஷார்த்ர் பகுதியின் வயல்களில் நடந்து பார்த்தார். ஓரிடத்தில் மண்ணின் நிறம் மட்டும் மாறியிருந்தது. கேட்டபோது, நோயில் செத்த ஆடுகளை அங்கே புதைத்ததாகச் சொன்னார்கள். மண்புழுக்கள் தள்ளிய மண்ணைச் சோதித்தார். ஆழத்தில் கிடந்த வித்துகளை மண்புழுக்கள் மேலே கொண்டு வருவது தெரிந்தது. அந்தப் புல்லை மேய்ந்த ஆட்டுக்கு மீண்டும் நோய். சாபம் மண்ணில் இல்லை, புதைத்த முறையில் இருந்தது. மேய்ச்சல் நிலத்தில் நோயுற்ற பிணத்தைப் புதைக்காதீர்கள் என்று விவசாயிகளுக்கு அறிவுரை சொன்னார்.

இந்த அறிவுரை நமக்கும் பொருந்தும். ஆடோ மாடோ திடீரென்று இறந்து, உடல் துவாரங்களில் ரத்தம் கசிந்தால், அதை அறுக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள், கறியைப் பங்கு போடாதீர்கள். முதலில் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். அவர் சொல்லும் இடத்தில், சுண்ணாம்பு இட்டு ஆழமாகப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும்.

அறுபது உயிர்களும் ஒரு பந்தயமும்

தடுப்பூசிக்கான திறவுகோல் கோழிகளிடம் கிடைத்தது. கோழிக் காலராக் கிருமியை ஆய்வகத்தில் வளர்த்தபோது, பழையதாகிப் போன வளர்ப்புகளைச் செலுத்திய கோழிகள் சாகவில்லை. பிறகு வீரியமான கிருமியைச் செலுத்தியும் அவை தாங்கின. 1880-ல் இதை அறிவித்தார். கிருமியின் வீரியத்தைக் குறைத்து உடலுக்குக் காட்டினால், உடல் எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்கிறது என்பது புரிந்தது.

அடைப்பானுக்கும் அதேபோல ஊசி செய்ததாக அவர் சொன்னபோது பலர் நம்பவில்லை. மெலன் நகரின் வேளாண் சங்கம் ஆடுகளைத் தந்தது. ரொசிஞோல் என்ற கால்நடை மருத்துவர் பூயீ லெ ஃபோர் கிராமத்தில் இருந்த தன் பண்ணையைத் தந்தார். தோற்றால் ஊரே பார்த்துச் சிரிக்கும் சோதனை அது.

1881 மே 5 அன்று 24 செம்மறி ஆடுகள், ஒரு வெள்ளாடு, 6 மாடுகளுக்கு முதல் ஊசி போட்டார்கள். மே 17-ல் இரண்டாவது ஊசி. இன்னொரு 24 செம்மறி, ஒரு வெள்ளாடு, 4 மாடுகளுக்கு ஊசியே போடவில்லை. மே 31 அன்று அறுபதுக்கும் கொல்லும் வீரியமுள்ள கிருமியைச் செலுத்தினார்கள்.

ஜூன் 2 அன்று விவசாயிகள், கால்நடை மருத்துவர்கள், அதிகாரிகள், பத்திரிகையாளர்கள் எனப் பெருங்கூட்டம் கூடியது. ஊசி போடாத ஆடுகளில் 21-ம் அந்த வெள்ளாடும் செத்துக் கிடந்தன. மேலும் இரண்டு கூட்டத்தின் கண்ணெதிரே விழுந்தன. கடைசி ஆடு அன்று மாலைக்குள் போனது. ஊசி போடாத மாடுகள் காய்ச்சலும் வீக்கமுமாக நின்றன. ஊசி போட்ட ஆடுகள் அனைத்தும் நின்று மேய்ந்து கொண்டிருந்தன. பின்னர் அவற்றில் சினையாக இருந்த ஓர் ஆடு மட்டும் இறந்தது. வயிற்றில் குட்டி இறந்து போயிருந்தது தெரிந்தது.

இந்தத் தேதிகளைக் கவனியுங்கள். முதல் ஊசிக்கும் இரண்டாவதுக்கும் 12 நாள். இரண்டாவது ஊசிக்கும் நோய்க்கிருமிக்கும் 14 நாள். ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. உடல் தயாராக நாள் வேண்டும். பக்கத்து ஊரில் நோய் வந்த பிறகு அடித்துப் பிடித்து ஊசிக்கு ஓடுவதில் உள்ள ஆபத்து இதுதான். மழைக்கு முன், நோய்ப் பருவத்துக்கு முன் போட்டுவிட வேண்டும். ஆடு சினையாக இருந்தால் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பாஸ்டரின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர் கடுமையானவர், பெருமையை எளிதில் பகிராதவர். துசான் என்ற கால்நடை மருத்துவப் பேராசிரியர் அவருக்கு முன்பே அடைப்பானுக்கு ஊசி முயன்றிருந்தார். பூயீ லெ ஃபோரில் பயன்படுத்திய ஊசி, ரசாயனத்தால் கிருமியின் வீரியத்தைக் குறைத்து, உதவியாளர் ஷாம்பெர்லான் தயாரித்தது. இதைப் பாஸ்டர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. பிற்காலத்தில்தான் இது வெளியே வந்தது. தோல்வியும் இருந்தது. 1882-ல் இத்தாலியின் டூரின் நகரில் நடந்த சோதனையில் ஊசி போட்ட ஆடுகளும் செத்தன. செத்து ஒரு நாளுக்கு மேலான ஆட்டின் ரத்தத்தை அங்கே பயன்படுத்தினார்கள், அதில் வேறு கிருமியும் கலந்துவிட்டது என்று பாஸ்டர் வாதாடினார். இத்தனைக்கும் பிறகும் பிரான்சில் பல லட்சம் ஆடுகளுக்கு அந்த ஊசி போடப்பட்டு, சாவு வெகுவாகக் குறைந்தது. பன்றிகளின் செந்தோல் நோய்க்கும் அவர் குழு ஊசி கண்டது.

எல்லா நாய்க்கும் ஊசி போட முடியாத காலம்

கடைசியாக வெறிநோய். லியோன் கால்நடை மருத்துவக் கல்லூரியின் கல்தியே, இந்த நோயை முயலுக்கு மாற்றி ஆராயலாம் என்று 1879-ல் காட்டியிருந்தார். பாஸ்டரும் எமில் ரூவும் அந்த வழியில் போனார்கள். நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலர்த்தினால், நாளுக்கு நாள் வீரியம் குறைவதைக் கண்டார்கள். மிகவும் உலர்ந்ததில் தொடங்கி, வீரியமானது வரை நாளுக்கு ஒன்றாக நாய்களுக்குச் செலுத்தினார்கள். 1884-ல் அரசு அமைத்த குழு ஒன்றும் பாஸ்டர் ஊசி போட்ட நாய்களைச் சோதித்து, அவற்றுக்குப் பாதுகாப்பு கிடைப்பதை உறுதி செய்திருந்தது.

நாட்டில் உள்ள நாய்களுக்கெல்லாம் ஊசி போட்டுவிட்டால் மனிதருக்கு நோய் வராது. பாஸ்டர் இதையும் யோசித்தார். ஆனால் ஒவ்வொரு நாய்க்கும் பல நாள், பல ஊசி. அத்தனை முயல்களுக்கும் ஆட்களுக்கும் எங்கே போவது? அதனால்தான் அவர் கடிபட்ட மனிதர்களின் பக்கம் திரும்பினார்.

1885 ஜூலை 6 அன்று ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனை அவன் தாய் அழைத்து வந்தார். உடம்பெல்லாம் கடி. பாஸ்டருக்கு மருத்துவம் பார்க்கும் உரிமை இல்லாததால் கிரான்ஷே என்ற மருத்துவர் ஊசி போட்டார். மொத்தம் 13 ஊசி. சிறுவன் பிழைத்தான். அதே ஆண்டு அக்டோபரில் ஜூபிய் என்ற 15 வயது ஆட்டிடையன் வந்தான். சின்னப் பிள்ளைகளைக் காக்க, வெறிநாயோடு கட்டிப் புரண்டு கடிபட்டவன். அவனும் பிழைத்தான். பாரிஸில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் அவன் நாயோடு போராடும் சிலை நிற்கிறது.

ஆனால் லூயிஸ் பெல்தியே என்ற 10 வயதுச் சிறுமி பிழைக்கவில்லை. கடித்து 37 நாள் கழித்துத்தான் அவளைக் கொண்டு வந்தார்கள். காலம் கடந்துவிட்டது என்று தெரிந்தும், பெற்றோரின் கண்ணீரைப் பார்த்து பாஸ்டர் மறுக்கவில்லை. அந்த டிசம்பரில் அவள் இறந்தாள். ஊசி அதேதான், ஆய்வகமும் அதேதான். நாள்தான் தவறிவிட்டது.

1888-ல் பாரிஸில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. 1907-ல் நம் குன்னூரிலும் அவர் பெயரில் ஒரு நிறுவனம் வந்தது. வெறிநோய்த் தடுப்பு மருந்து அங்கே பல்லாண்டு தயாரானது. பாஸ்டரின் கடைசி ஆண்டுகளில், எமில் ரூ குதிரைகளின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தால் தொண்டை அடைப்பான் வந்த குழந்தைகளைக் காப்பாற்றினார். மனிதரைக் காத்த அந்தக் குதிரைக்கும் நாம் செய்ய வேண்டியது உண்டு. லாடம் அடிக்கும்போது ஏற்படும் ஆணிக் காயத்திலிருந்துகூட அதற்கு இசிவு நோய் வரும். குதிரை வைத்திருப்பவர்கள் இசிவு நோய்க்கும் வெறிநோய்க்கும் மருத்துவர் சொல்லும் தேதியில் ஊசி போடுவது கட்டாயம்.

பாஸ்டர் 1895 செப்டம்பர் 28 அன்று இறந்தார். அந்த நாளைத்தான் இன்று உலக வெறிநோய் தினமாகக் கடைப்பிடிக்கிறோம். மைஸ்டருக்கு முதல் ஊசி போட்ட ஜூலை 6, விலங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்களுக்கான தினம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

பாஸ்டர் வழியின்றி விட்ட வேலையை இன்று நாம் எளிதாகச் செய்யலாம். நாய்க்குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் வெறிநோய் ஊசி போடுங்கள். மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்க ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. வீட்டுப் பூனைக்கும் இதே கணக்கு. தோட்டத்தில் காவலுக்குக் கிடக்கும் நாயையும், கிடையோடு போகும் நாயையும் விட்டுவிடாதீர்கள். நரியோடும் தெருநாயோடும் முதலில் மோதுவது அவைதான்.

தடுப்பு மருந்தைக் குளிர்ச்சி குறையாமல் ஐஸ் பெட்டியில் எடுத்து வரவேண்டும். வெயிலில் வைத்த மருந்தால் பயன் இல்லை. அடைப்பான் ஊசியில் இருப்பது வீரியம் குறைந்த உயிருள்ள கிருமி என்பதால், மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

நாய் கடித்துவிட்டால் மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சிறிய கீறல்தானே என்று நாளைக்குத் தள்ளாதீர்கள். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள்.

வரவு செலவு எழுதும் நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். ஒவ்வொரு உயிருக்கும் எந்த ஊசி, போட்ட தேதி, அடுத்த தேதி என்று எழுதி வையுங்கள். இன்றைக்கே அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தில் விசாரித்து, அந்தப் பக்கத்தின் முதல் வரியை நிரப்புங்கள்.