திருவண்ணாமலைச் சிறுவனும் 11 கிலோ கம்ப்யூட்டரும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. பழைய நினைவுகளை நிறையப் பேர் எழுதி அனுப்பிவிட்டார்களாம். ஹாஸ்டல் சாம்பார் பற்றி மட்டும் நாலு கட்டுரை. நீயாவது இப்போது படிக்கிற பிள்ளைகளுக்குப் பயன்படுகிற மாதிரி, ஏதாவது ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுது என்று அன்புக் கட்டளை. சரி என்று ஒப்புக்கொண்டேன். யாரைப் பற்றி எழுதுவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம்மில் யாரிடம் ஹெர்பர்ட் ஷில்ட் எழுதிய 'சி: தி கம்ப்ளீட் ரெஃபரன்ஸ்' இல்லாமல் இருந்தது? அரியர் வைத்தவனுக்கும் ரேங்க் வாங்கியவனுக்கும் ஒரே தலையணை அதுதான். அந்த வரிசைப் புத்தகங்களை வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் ஆஸ்போர்ன்/மெக்ரா-ஹில். நாலு வருஷம் அந்தப் பெயரைப் பார்த்தும், ஆஸ்போர்ன் என்பது லண்டனில் இருக்கிற ஏதோ அச்சகம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர். அதுவும் நம்ம திருவண்ணாமலையில் ஓடியாடி வளர்ந்து, கொடைக்கானலில் கண்மூடிய மனிதர்!

மலையடிவாரத்தில்

ஆடம் ஆஸ்போர்ன் 1939 மார்ச் 6-ஆம் தேதி பாங்காக்கில் பிறந்தார். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர். அங்கே சூலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். அம்மா லூசியா போலந்துக்காரர். ஆன்மிகத் தேடல் உள்ள குடும்பம். 1941-இல் ஆர்தர் மனைவியையும் மூன்று குழந்தைகளையும் ரமண மகரிஷியின் ஆசிரமம் இருக்கும் திருவண்ணாமலையில் விட்டுவிட்டு, வேலைக்காகத் தாய்லாந்து திரும்பினார். அந்த வருஷக் கடைசியில் ஜப்பான் படை அங்கே நுழைந்தது. ஆர்தர் கைதி முகாமில் அடைக்கப்பட்டார். 1945 வரை விடுதலை இல்லை.

அந்த வருஷங்களில் சிறுவன் ஆடம் வளர்ந்ததெல்லாம் அருணாசல மலையடிவாரத்தில். தமிழ் பேசி வளர்ந்த பிள்ளை. அப்பா பத்திரமாகத் திரும்பி வரவேண்டும் என்று அவன் ரமணரிடம் போய்க் கேட்டதாக ஆசிரமத்து நூல்கள் சொல்கின்றன. அப்பா திரும்பி வந்தார். பின்னாளில் ரமணரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியதும், 1964-இல் 'மவுண்டன் பாத்' என்ற ஆசிரமப் பத்திரிகையைத் தொடங்கியதும் இதே ஆர்தர்தான்.

ஆடம் கொடைக்கானலில் பிரசண்டேஷன் கான்வென்டில் படித்தார். 11 வயதில் இங்கிலாந்து போனார். 1961-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் எஞ்சினியரிங் பட்டம். பிறகு அமெரிக்கா, 1968-இல் டெலவேர் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். கம்ப்யூட்டர் சரித்திரத்தில் இடம்பிடித்தவர் நம்ம ஆள் என்று கெமிக்கல் டிபார்ட்மென்ட் நண்பர்கள் தாராளமாகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

மேனுவல் எழுதியவர்

கலிபோர்னியாவில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை. பெரிய கம்பெனி, நல்ல சம்பளம். ஆனால் ஒட்டவில்லை. 1970-களின் தொடக்கத்தில் வேலையை விட்டுவிட்டு, பெர்க்லியில் சொந்தமாக ஒரு தொழில் ஆரம்பித்தார். என்ன தொழில்? கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு மேனுவல் எழுதிக் கொடுப்பது.

சிரிக்காதீர்கள். அன்றைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். 1971-இல் இன்டெல் 4004, 1974-இல் 8080 என்று மைக்ரோபிராசஸர்கள் வரிசையாக வந்துவிட்டன. அவற்றோடு வந்த விளக்கத் தாள்களோ, அதைச் செய்தவர்களுக்கு மட்டுமே புரியும். 1975 ஜனவரியில் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 வந்தது. 400 டாலருக்குள் ஒரு கிட். வீட்டில் உட்கார்ந்து நாமே சால்டர் வைத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டியது. கீபோர்டு கிடையாது, திரை கிடையாது. முன்பக்கம் வரிசையாக ஸ்விட்சுகள், சிவப்பு விளக்குகள். ஒவ்வொரு பைட்டையும் ஸ்விட்சை மேலும் கீழும் தள்ளித்தான் உள்ளே ஏற்ற வேண்டும். நம்ம லேபில் 8085 கிட்டில் ஹெக்ஸ் கோடு அடித்து, நடுவில் ஒரு பைட் தப்பாகி, லேப் சாரிடம் முழித்தவர்களுக்கு இந்த வேதனை புரியும். நமக்காவது ஹெக்ஸ் கீபேடு இருந்தது!

அந்த வருஷம் மார்ச்சில் மென்லோ பார்க்கில் ஒரு வீட்டுக் கார் ஷெட்டில் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் கூடியது. எலக்ட்ரானிக்ஸ் பைத்தியங்களின் சங்கம். ஸ்டீவ் வாஸ்னியாக் தன் முதல் ஆப்பிளை எடுத்து வந்து காட்டியது இங்கேதான். இந்தக் கூட்டங்களுக்கு ஆஸ்போர்ன் ஒரு பெட்டியோடு வருவார். பெட்டி நிறையத் தன் புத்தகங்கள். 'அன் இன்ட்ரடக்ஷன் டு மைக்ரோகம்ப்யூட்டர்ஸ்' என்ற அந்தப் புத்தகத்தைப் பதிப்பாளர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியதால், தானே அச்சடித்து, தானே விற்றார். ஐ.எம்.எஸ்.ஏ.ஐ. என்ற கம்பெனி தன் கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கொடுக்க அந்தப் புத்தகத்தை வாங்கியதும் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. 1977-இல் அவருடைய பட்டியலில் சுமார் 40 புத்தகங்கள். 1979-இல் மெக்ரா-ஹில் மொத்தமாக வாங்கிக்கொண்டது. பெயர் மட்டும் அட்டையில் தங்கிவிட்டது. முப்பது வருஷம் கழித்து நம்ம ஹாஸ்டல் ரூமுக்கும் வந்து சேர்ந்தது.

தையல் மிஷின் பெட்டி

புத்தகம் எழுதியதோடு நிற்காமல் பத்திரிகைகளில் பத்தியும் எழுதினார். எந்தக் கம்பெனியையும் விட்டுவைக்கவில்லை. கம்ப்யூட்டர் வாங்குகிறவன் பெட்டிக்கு ஒரு விலை, டிரைவுக்கு ஒரு விலை, மானிட்டருக்கு ஒரு விலை, சாஃப்ட்வேருக்கு இன்னொரு விலை கொடுத்து, கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கத் தெரியாமல் திண்டாடுகிறான் என்பது அவருடைய குறை. சமையலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர் ஒருநாள் தானே கரண்டியைக் கையில் எடுத்தார். ஹோம்ப்ரூ கிளப் கூட்டங்களை நடத்தி வந்த லீ ஃபெல்சென்ஸ்டைனை வடிவமைப்புக்குச் சேர்த்துக்கொண்டார்.

1981 ஏப்ரலில், சான்பிரான்சிஸ்கோவில் நடந்த வெஸ்ட் கோஸ்ட் கம்ப்யூட்டர் ஃபேரில் ஆஸ்போர்ன்-1 வெளிவந்தது. மூடி வைத்தால் தையல் மிஷின் பெட்டி மாதிரி இருக்கும். மூடியைக் கழற்றினால் அதுவே கீபோர்டு. உள்ளே ஸெட்-80 பிராசஸர், 64 கிலோபைட் மெமரி, இரண்டு ஃப்ளாப்பி டிரைவ், நடுவில் 5 அங்குலத் திரை. எடை சுமார் 11 கிலோ. விமான சீட்டுக்கு அடியில் தள்ளிவிடலாம் என்பது பெருமை. பேட்டரி கிடையாது, பிளக் பாயின்ட் தேடித்தான் ஆகவேண்டும்.

அந்தச் சின்னத் திரையில் ஒரு வரிக்கு 52 எழுத்துதான் தெரியும். அகலமான கடிதமோ கணக்கோ என்றால், ஜன்னல் வழியாக ரயிலைப் பார்ப்பது மாதிரி திரையை இடம் வலமாக நகர்த்திப் படிக்க வேண்டும். பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். ஆஸ்போர்ன் கவலைப்படவில்லை. பெரும்பாலானவர்களுக்குப் பெரும்பாலான வேலைக்கு எது போதுமோ அது போதும், அதற்குமேல் சேர்த்து விலையை ஏற்றாதே என்பதுதான் அவர் கொள்கை.

விலை 1,795 டாலர். இதில்தான் சூட்சுமம். சி.பி./எம். (கட்சி இல்லை, ஆபரேட்டிங் சிஸ்டம்!), கடிதம் எழுத வேர்ட்ஸ்டார், கணக்குப் போட சூப்பர்கால்க், புரோகிராம் எழுத இரண்டு விதமான பேசிக், எல்லாம் அந்த விலைக்குள்ளேயே அடக்கம். அவற்றைத் தனித்தனியாகக் கடையில் வாங்கினால் அதற்கே சுமார் 1,500 டாலர் ஆகும். வேர்ட்ஸ்டார் கம்பெனியைத் தன் கம்பெனியின் பங்குகளைக் கொடுத்து வளைத்துப்போட்டார். சொல்லப்போனால், பெட்டிக்குள் இருந்த எதுவுமே புதுக் கண்டுபிடிப்பு இல்லை. எல்லாம் கடையில் கிடைத்த சரக்கு. வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், பிளக்கைச் சொருகி, அன்றைக்கே வேலையை ஆரம்பிக்கலாம் என்பதுதான் புதுசு. சால்டரிங் தெரியாதவனும் கம்ப்யூட்டர் வாங்குவான் என்று முதலில் நம்பியவர்களில் அவர் ஒருவர்.

உச்சத்தில் மாதம் 10,000 பெட்டிகள் போயின. தூக்கிக்கொண்டு போகிற கம்ப்யூட்டர்களில் வியாபாரத்தில் வென்ற முதல் கம்ப்யூட்டர் இதுதான்.

வாயால் கெட்டாரா?

ஏறின வேகத்திலேயே இறக்கம். 1983 தொடக்கத்தில், அடுத்து வரப்போகிற எக்ஸிக்யூடிவ் மாடலைப் பற்றி ஆஸ்போர்ன் பத்திரிகைக்காரர்களிடமும் டீலர்களிடமும் பெருமையாகப் பேசினார். டீலர்கள் என்ன செய்வார்கள்? புதுசு வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று பழைய ஆர்டரை நிறுத்தினார்கள். பணவரத்து நின்றது. 1983 செப்டம்பரில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. அன்றிலிருந்து, புதுச் சரக்கை முன்கூட்டியே அறிவித்துப் பழைய சரக்கின் விற்பனையைக் கெடுத்துக்கொள்வதற்கு 'ஆஸ்போர்ன் எஃபெக்ட்' என்றே பெயர். மேனேஜ்மென்ட் வகுப்புகளில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

தவளை தன் வாயால் கெட்டது என்று முடித்துவிட்டால் கதை அழகாக இருக்கும். கணக்கைப் பார்த்தால் அவ்வளவு சுலபமில்லை. அதே 1,795 டாலருக்கு 1982-இலேயே கேப்ரோ வந்துவிட்டது. அதில் 9 அங்குலத் திரை. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். பி.சி. வந்து, சந்தை மொத்தமும் அந்தப் பக்கம் சாயத் தொடங்கியிருந்தது. ஐ.பி.எம். சாஃப்ட்வேர் ஓடுகிற காம்பாக் போர்ட்டபிளும் 1983-இல் கடைக்கு வந்தது. ஆஸ்போர்னிடம் அது இல்லை. கம்பெனி வளர்ந்த வேகத்துக்குக் கணக்கெழுதும் ஏற்பாடு வளரவில்லை. பங்குச்சந்தைக்குப் போகலாம் என்று தணிக்கையாளர்களைக் கூப்பிட்டுப் பார்த்தபோது, லாபம் என்று நினைத்தது நஷ்டமாக இருந்தது. பேசியது தப்புதான். பேசாமல் இருந்திருந்தாலும் பிழைத்திருக்குமா என்பது சந்தேகம்.

மறுபடியும் ஒரு முயற்சி

மனிதர் ஓய்ந்துவிடவில்லை. 1984-இல் தன் வீழ்ச்சியைத் தானே ஜான் டுவோராக்குடன் சேர்ந்து 'ஹைப்பர்குரோத்' என்று புத்தகமாக எழுதினார். அதே வருஷம் பேப்பர்பேக் சாஃப்ட்வேர் என்ற கம்பெனி. மலிவுப் பதிப்பு நாவல் மாதிரி மலிவு சாஃப்ட்வேர். லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குப் புரோகிராம் 495 டாலருக்கு விற்றபோது, அதே மாதிரி வேலை செய்யும் வி.பி.-பிளானரை 99 டாலருக்குக் கொடுத்தார்.

லோட்டஸ் சும்மா இருக்குமா? எங்கள் மெனுவைக் காப்பியடித்துவிட்டார்கள் என்று 1987-இல் கேஸ் போட்டது. 1990-இல் தீர்ப்பு லோட்டஸ் பக்கம். பேப்பர்பேக் சாய்ந்தது, ஆஸ்போர்ன் விலகினார். இதில் ஒரு வேடிக்கை. இதே மெனு விஷயத்தில் லோட்டஸ் போர்லாண்ட் கம்பெனி மீதும் வழக்குப் போட்டிருந்தது. அதில் 1995-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மெனு கட்டளைகளுக்குக் காப்புரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. 1996-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்ததால் அந்தத் தீர்ப்பே நின்றது. ஆஸ்போர்ன் வாதாடிய பக்கம் கடைசியில் ஜெயித்தது. அவருக்குத்தான் பயன்படவில்லை.

அதற்குள் உடம்பு கெட்டுவிட்டது. மூளையில் சின்னச் சின்னதாகத் திரும்பத் திரும்ப ஸ்ட்ரோக். 1992-இல் இந்தியா திரும்பி, கொடைக்கானலில் தன் சகோதரியுடன் தங்கினார். சின்ன வயதில் ஸ்கூல் பையோடு நடந்த அதே மலையூர். 2003 மார்ச் 18-ஆம் தேதி தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 64.

கடைசியாக, என் கதை

ஏன் இவரைப் பற்றி எழுதினேன் என்று சொல்கிறேன் என்றேனே. 2011-இல் வெளியே வந்தவுடன், நம்ம பேட்ச் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து, தண்ணீர் மோட்டாரைத் தானாக ஓட்டி நிறுத்தும் கன்ட்ரோலர் செய்து விற்றேன். நன்றாகத்தான் போனது. ஒரு கண்காட்சியில், அடுத்த மாடல் செல்போனிலிருந்தே இயங்கும் என்று மைக்கைப் பிடித்து நான் பேசினேன். டீலர்கள் பழைய மாடலை எடுப்பதை நிறுத்தினார்கள். ஒன்றரை வருஷத்தில் கம்பெனியை மூடினோம். என் வாயால்தான் மூன்று குடும்பத்துப் பணம் போனது என்று நினைத்துக்கொண்டு, போன ரீயூனியனுக்கு நான் வரவில்லை. அந்த இரண்டு பேரின் முகத்தைப் பார்க்க முடியாது என்று தோன்றியது.

பிறகு ஆஸ்போர்ன் கதையைப் படித்தேன். பரணிலிருந்து எங்கள் பழைய கணக்கு நோட்டை இறக்கிப் பார்த்தேன். நான் மைக்கைப் பிடிப்பதற்கு ஏழு மாதம் முன்பிருந்தே ரிலே ஒட்டிக்கொண்டு கன்ட்ரோலர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன. சர்வீஸ் செலவு லாபத்தைத் தின்றுகொண்டிருந்தது. மூவரில் ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை. நான் பேசியது தப்பு. அது மட்டுமே காரணம் இல்லை. நோட்டை ஜெராக்ஸ் எடுத்து இரண்டு பேருக்கும் அனுப்பியிருக்கிறேன். இந்த முறை மூன்று பேரும் வருகிறோம்.

இப்போது படிக்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒன்று. நீங்கள் செய்கிற புராஜெக்ட்டை, அதைச் செய்யாதவனுக்கும் புரிகிற மாதிரி பத்துப் பக்கம் எழுதி வையுங்கள். ஆஸ்போர்னின் கம்பெனி இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது. எழுதிய புத்தகத்தால் வந்த பெயர், நம்ம லைப்ரரி ஷெல்ஃபில் இன்னமும் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.